நீ இல்லாத ஞாயிறுகளில் அப்பம் பிட்பது யார்

மகனே,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. நீ ஜப்பானில் பயிற்சியில் இருக்கப்போகும் இரண்டு வருஷமும் ஜூரோங் சபையை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கேட்டாய். மாட்டேன். உடம்பு முடியாததால் அல்ல. நாற்பத்து நாலு வயதில் நான் இன்னும் ஏணி ஏறித்தான் சம்பளம் வாங்குகிறேன். தோ பாயோவிலிருந்து ஜூரோங்குக்கு இரண்டு பஸ் மாற வேண்டுமே என்ற சோம்பலும் அல்ல. பார்த்துக்கொள்ள ஒரு ஆள் அங்கேயே இருக்கிறார். அவரை மூப்பராக ஏற்படுத்தாமல் நீ கப்பல் ஏறப் பார்க்கிறாய். அதற்கு நான் துணை போகமாட்டேன்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதமா என்று உன் அம்மா கேட்டாள். நேரில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நான் கத்துவேன், ஐந்தாவது வாக்கியத்தில் நீ எழுந்து வெளியே போவாய். இது இருபது வருஷ அனுபவம். எழுதினால் கத்த முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. நம் சபைகளின் மாத இதழுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தையே கொடுக்கப்போகிறேன். நீ செய்யப் பார்க்கிற தப்பைப் பலர் செய்கிறார்கள். நானும் செய்தேன். நான் செய்ததை இதுவரை உன்னிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

வெளியார் யாராவது படித்தால் புரியவேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான். நம் சபைகளில் சம்பளம் வாங்குகிற போதகர் கிடையாது. அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு மூப்பர்கள்தான் சபையை நடத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் அப்பத்தைப் பிட்டுப் பாத்திரத்தைக் கொடுப்பது மூப்பர். மூப்பர் இல்லாத இடத்தில் திருவிருந்து இல்லை. ஒரு மூப்பர்தான் கைகளை வைத்து ஜெபித்து இன்னொருவரை மூப்பராக ஏற்படுத்த முடியும். ஜூரோங்கில் இன்றைக்கு இருக்கும் ஒரே மூப்பர் நீ. வருகிற ஞாயிறு கழிந்து வியாழக்கிழமை நீ கப்பல் ஏறினால், அங்கே இருக்கும் பன்னிரண்டு குடும்பத்துக்கும் அதற்கடுத்த ஞாயிறிலிருந்து அப்பம் கொடுக்க ஆள் இல்லை. விஷயம் இவ்வளவுதான்.

அந்த ஆள் யார் என்று உனக்குத் தெரியும். போன ஞாயிறு நடந்ததை நினைத்துப் பார். ஜூரோங் சாலையில் பஸ் நின்றுபோய், நாம் முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். மாடிப்படி ஏறும்போதே பாட்டுச் சத்தம் கேட்டது. முருகையாவின் ஒற்றை அறை வீட்டில் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். இரும்பாலையில் கிரேன் ஓட்டுகிற அந்த மனிதர் நடுவில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார். யாருக்கு இரவு ஷிப்ட், யாருடைய குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், யாருக்கு ஊரிலிருந்து கடிதம் வரவில்லை என்று பெயர் பெயராகச் சொல்லி ஜெபித்தார். நீ வாசலில் செருப்பைக் கழற்றிய சத்தம் கேட்டதும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, “தம்பி வந்துட்டாரு” என்று ஓரமாக நகர்ந்துகொண்டார். நீயும் போய் அந்த இடத்தில் நின்றாய். முடியுங்கள் அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் காய்ச்சல் குழந்தையின் பெயர் உன் ஜெபத்தில் வரவே இல்லை. உனக்கு எப்படித் தெரியும், நீ அப்போதுதானே பஸ்ஸைவிட்டு இறங்கினாய்.

திரும்பும்போது பஸ்ஸில் நாம் பேசியதை அப்படியே எழுதுகிறேன். பிறகு அப்பா மாற்றி எழுதிவிட்டார் என்று சொல்லாதே.

“முருகையா அண்ணன் இருக்காரே, அவருக்கென்ன?” என்று கேட்டேன்.

“அவரு இன்னும் பதினேழாவது பாடத்துலதான் இருக்காருப்பா.”

“மொத்தம் எத்தனை?”

“நாப்பது. நானே எழுதி, ஆபீஸ் மெஷின்ல சுத்தி எடுத்தது.”

“நீ என்ன, கிரேன் லைசென்ஸா குடுக்கிறே?”

“விளையாடாதீங்கப்பா. அவரு பேரே இன்னும் முருகையா. வேற பேரு வச்சுக்கச் சொன்னா சிரிக்கிறாரு. போன தீபாவளிக்குக் குடிச்சிட்டு வந்து நின்னாரு. வீட்டுச் சுவத்துல இன்னும் அம்மன் படம் தொங்குது. ரெண்டு வருஷம் நீங்க பாத்துக்குங்க. நான் வந்து மிச்சப் பாடத்தை முடிச்சு, அப்புறம் யோசிக்கலாம்.”

நான் அதற்குமேல் பேசவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. பதினொரு வருஷத்துக்கு முந்தைய என் குரலை உன் வாயில் கேட்டேன்.

மலாயா சுதந்திரம் வாங்கிய வருஷம் உனக்குப் பதினோரு வயது. அப்போது நாம் தேக்கா சந்தைக்குப் பின்னால் இருந்தோம். தெருக்கூட்டும் ஆட்களும் சாக்கடை வேலை பார்ப்பவர்களும் குடியிருந்த லைன் வீடுகள் நம் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. அதற்கு நாலு வருஷம் முன்பே அங்கே நான் ஒரு சபையைத் தொடங்கியிருந்தேன். நான்தான் தொடங்கினேன் என்பதில் எனக்கு அப்போது கொஞ்சமும் சந்தேகம் கிடையாது. நகரத்துப் பெரிய சபையில் என்னை மூப்பராக ஏற்படுத்திய கையோடு லைனுக்குப் போனேன். மூன்று வருஷத்தில் இருபத்தைந்து பேர் ஆனார்கள். அவர்களில் ஒருவர் தங்கையா. சாக்கடை வாருகிற வேலை. என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஆனாலும் என்னைத் ‘தம்பி’ என்று கூப்பிட்டுவிட்டு ‘வாங்க போங்க’ என்றுதான் பேசுவார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் ஒரு தடவை வாசித்ததை மறுவாரம் வரிசை தப்பாமல் திருப்பிச் சொல்வார். லைனில் சண்டை வந்தால் ஜனங்கள் அவரைத்தான் தேடிப் போவார்கள். என்னைத் தேடி வரமாட்டார்கள். நான் ஏதாவது சட்டம் பேசுவேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

தங்கையாவை மூப்பராக ஏற்படுத்துங்கள் என்று லைன் ஜனங்களே கேட்டார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர் எப்படி மூப்பராக இருப்பது என்றேன். அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். இருபது கேள்விகளில் ஒரு பரீட்சை வைத்தேன். நான் தொழிலில் எழுதிப் பாஸ் செய்த பரீட்சையின் மாதிரியிலேயே அதையும் தயாரித்திருந்தேன், மேலே பெயர், கீழே மதிப்பெண். தங்கையா மூன்று தடவை எழுதினார். சாக்கடை மண்வெட்டி பிடித்துத் தடித்துப்போன விரல்கள், பென்சில் உடையும். மூன்று தடவையும் பெயில் போட்டேன். வாயால் கேட்டிருந்தால் இருபதுக்கும் பதில் சொல்லியிருப்பார். வாயால் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாவது தடவை தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் மனைவி செல்லம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “செவப்பு மையி நல்லா ஓடுது தம்பி உங்களுக்கு” என்றாள். அது கேலி என்பதுகூட எனக்கு வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி என்னை ஈப்போவுக்கு அனுப்பியது. ஈயச் சுரங்கம் ஒன்றுக்கு மின்மாற்றிகள் நிறுவும் வேலை. இரண்டு மாதம் என்றார்கள், எட்டு மாதம் ஆயிற்று. கிளம்புவதற்கு முன் லைன் சபைக்காக நான் செய்த ஏற்பாடு என்ன தெரியுமா? திருவிருந்துப் பாத்திரத்தையும் தட்டையும் துடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பெரிய சபை அன்பளிப்பாகக் கொடுத்த வெள்ளிமுலாம் பாத்திரம் அது. தொலைந்துவிடக்கூடாதே என்ற கவலை. சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். நான் வரும்வரை பாட்டும் ஜெபமும் நடக்கட்டும், திருவிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கினேன். வீட்டில் யாரும் இல்லை. நேரே லைனுக்கு நடந்தேன். கூட்டம் கலைந்துபோயிருக்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்று மனத்துக்குள் திட்டம் போட்டுக்கொண்டே போனேன். அந்தத் திட்டத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. போய்ப் பார்த்தால் வீட்டுக்குள் இடம் போதாமல் வெளி நடையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். நடுவில் தங்கையா, குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, கையில் நீலக்கரை போட்ட எனாமல் குவளையுடன் நின்றிருந்தார். ஆண்டவர் தம் சீடர்களுக்குப் பாத்திரம் கொடுத்த பகுதியை முழுவதும் மனப்பாடமாகச் சொல்லி முடித்து, முதல் ஆளிடம் குவளையை நீட்டினார். அந்த முதல் ஆள் உன் அம்மா. பக்கத்தில் நீ.

நான் போய் அவர் கையிலிருந்து குவளையைப் பிடுங்கினேன்.

“இது செல்லாது” என்றேன். யார் ஏற்படுத்தியது உங்களை என்று கேட்டேன். எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். குவளையிலிருந்து கொஞ்சம் தரையில் சிந்தியது. செல்லம்மா தன் முந்தானையால் அதைத் துடைத்தாள். தங்கையா மட்டும் மெதுவாகச் சொன்னார்: “சாவியை ஈப்போவுக்குக் கொண்டுபோயிட்டீங்க தம்பி, சரி. கர்த்தரையும் கூடவே கூட்டிட்டுப் போயிட்டீங்களோன்னு முதல் மாசம் பயந்துதான் போனோம். அப்புறம் பாத்தா அவரு இங்கேதான் இருந்தாரு.” நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை. உன் அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். உனக்கு அந்தக் காலை ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ தெரியாது. நீ கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம் சண்டை போட்டேன். எட்டு மாதமாக இருபது கடிதம் எழுதினாயே, இதைப் பற்றி ஒரு வரி எழுதினாயா என்று கேட்டேன். “எழுதுனா நிறுத்தச் சொல்லுவீங்க” என்றாள். “பூட்டுன அலமாரியைப் பாத்துக்கிட்டு எத்தனை ஞாயிறு உக்காந்திருக்கிறது? நீங்க சாவியைத்தான் பையில போட்டு வச்சுக்கிட்டீங்க. எங்களுக்குப் பசிக்குமான்னு கேக்கலையே.”

அடுத்த ஞாயிறு அலமாரியைத் திறந்து வெள்ளிமுலாம் பாத்திரத்தை எடுத்து வைத்து முறைப்படி திருவிருந்து நடத்தினேன். ஒன்பது பேர் வந்தார்கள். அதிலே நம் வீட்டார் மூன்று பேர். தங்கையா வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். இரண்டு வருஷம் ஒரு வாரம் தவறாமல் வந்தார். அந்த இரண்டு வருஷத்தில் அவர் வாய் திறந்து ஒரு ஜெபம் செய்யவில்லை. நான் கேட்டால், “நீங்களே சொல்லுங்க தம்பி” என்பார். பிறகு அவருக்கு வேலை முடிந்து ஊருக்குப் போகிற நாள் வந்தது. அன்று நான் லீவு போட்டுவிட்டு லைனுக்குப் போனேன். சொல்லவேண்டியதை வழியெல்லாம் கோத்து வைத்திருந்தேன். அங்கே நின்று, “தங்கையா அண்ணே, அன்னைக்கு நான் பண்ணினது தப்பு” என்பதற்கு மேல் வரவில்லை. அவர், “தெரியும் தம்பி. லாரி வந்துருச்சு, அந்தப் பெட்டியை ஒரு பக்கம் பிடிங்க” என்றார். பிடித்தேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவர் போன ஆறு மாதத்தில் லைன் சபை இல்லாமல் போயிற்று. எந்தப் பிசாசும் வந்து கெடுக்கவில்லை. நான்தான் கெடுத்தேன்.

என் தொழிலை உனக்குத் தெரியும். ஒரு துணை மின்நிலையத்தை நிறுவி, ஒவ்வொரு இணைப்பையும் சோதித்து, அங்கே வேலை பார்க்கப்போகிறவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கி, ஒப்படைத்துவிட்டு வருவதுதான் என் வேலை. ஒப்படைத்த மறுநாள் நான் அங்கே போய் ஒரு சுவிட்சைத் தொட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். ஒப்படைக்காமலே இருந்தாலும் கிழித்துவிடுவார்கள். இதை நாற்பது இடத்தில் ஒழுங்காகச் செய்தவன், லைனில் ஒரே ஒரு தடவை செய்யவில்லை. அது வேறு, இது தேவகாரியம் என்று நினைத்தேன். தேவகாரியத்தில், ஊர் ஊராகப் போய்ச் சபைகளைத் தொடங்கிய அப்போஸ்தலர் பவுல் எப்படி வேலை பார்த்தார் என்று அந்த அவமானத்துக்குப் பிறகுதான் ஒரு வேலைக் குறிப்பைப் படிப்பதுபோல உட்கார்ந்து படித்தேன். எந்த ஊரில் எத்தனை நாள், போகும்போது யாரிடம் விட்டுப் போனார், திரும்ப வந்தபோது என்ன செய்தார் என்று தாளில் கோடு போட்டு எழுதினேன்.

நீயும் எழுதிப் பார். லீஸ்திராவில் பவுலைக் கல்லெறிந்து, செத்துவிட்டார் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். கொஞ்ச காலத்தில் அதே ஊருக்கு அவரும் கூட ஊழியம் செய்த பர்னபாவும் திரும்பி வருகிறார்கள். எதற்கு? சபைதோறும் மூப்பர்களை ஏற்படுத்தி, உபவாசித்து ஜெபம் பண்ணி, கர்த்தருக்கு அவர்களை ஒப்புவித்துவிட்டுப் போவதற்கு. அந்த மூப்பர்கள் யார்? சில மாதங்களுக்கு முன்னால் பர்னபாவையும் பவுலையும் தேவர்கள் என்று நினைத்து, மாலையும் எருதுமாகப் பலியிட ஓடி வந்த ஊர் அது. அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் சிலராவது அந்த மூப்பர்களில் இருந்திருக்க வேண்டும். நாற்பது பாடம் முடித்தவர் ஒருவர்கூட இருந்திருக்கமாட்டார். பாடம் எழுதுவதற்கே பவுலுக்கு நேரமில்லை. பவுல் என்னைப்போலவே பொறுமை இல்லாத மனிதர் என்பது என் எண்ணம். ஆனால் அவருடைய அவசரம் அடுத்த ஊருக்குப் போவதில் இருந்தது. என்னுடைய அவசரம் எல்லாவற்றையும் நானே செய்துவிடுவதில் இருந்தது.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனை மூப்பராக்கக்கூடாது என்று பவுல் தம் சீடர் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறதே என்பாய். உன்னை எனக்குத் தெரியும். எழுதியிருக்கிறது. அது எபேசு சபைக்கு. அந்தச் சபைக்கு அப்போதே வயது பல வருஷம், பழையவர்கள் இருந்தார்கள், பொறுக்கி எடுக்க முடிந்தது. கிரேத்தாத் தீவில் எல்லாரும் புதியவர்கள். அங்கே பட்டணந்தோறும் மூப்பர்களை ஏற்படுத்து என்று இன்னொரு சீடர் தீத்துவுக்கு எழுதியபோது அதே தகுதிகளை ஏறக்குறைய அப்படியே சொன்னவர், அந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ஜூரோங் கிரேத்தாவா எபேசுவா? நேற்றுவரை சதுப்பாக இருந்து, மண் கொட்டி மேடாக்கிய இடம். எல்லாருமே புதியவர்கள்தான், நீ உட்பட. உன்னை இருபது வயதில் மூப்பராக்கி அனுப்பினோமே, எத்தனை பாடம் வைத்தோம்? போக வேறு ஆள் இல்லை, நீ போகிறேன் என்றாய். அவ்வளவுதான் உன் தகுதி.

பெயரைப் பற்றிச் சொன்னாய். ஆதிச் சபையில் அப்பொல்லோ என்று ஒருவர் இருந்தார், எப்பாப்பிரோதீத்து என்று ஒருவர், ரோமாபுரியில் எர்மே என்று ஒருவர். எல்லாம் கிரேக்கத் தேவர்களின் பெயரிலிருந்து வந்தவை. மாற்று என்று பவுல் யாரையும் கேட்டதாக எங்கேயும் இல்லை. முருகையா என்ற பெயரோடு ஒருவர் அப்பம் பிட்டால் இரும்பாலையில் கூட வேலை பார்க்கிறவன் என்னவென்று எட்டிப் பார்ப்பான். சாமுவேல் என்று மாற்றிவைத்தால், அது அந்த ஆட்கள் சமாசாரம் என்று போய்விடுவான். அம்மன் படம் வள்ளியுடையது. அவர் மனைவி, இன்னும் நம்மோடு சேரவில்லை. அவள் வீட்டில்தான் இரண்டு வருஷமாக நீ கூட்டம் நடத்துகிறாய், அவள் போட்ட தேநீரைத்தான் குடிக்கிறாய். அப்போதெல்லாம் அந்தப் படம் உன் கண்ணை உறுத்தவில்லை.

தீபாவளிக்குக் குடித்ததைச் சொன்னாய். குடித்தார். அடுத்த ஞாயிறு எல்லாருக்கும் முன்னால் நின்று நான் குடித்தேன், வள்ளியை அடிக்கக் கை ஓங்கினேன் என்று தானே சொல்லி அழுதார். யாரும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். நான் மூப்பராகிப் பதினைந்து வருஷம். குவளையைப் பிடுங்கினேன் என்று ஒரு சபைக்கு முன்னாலும் நான் நின்று சொன்னதில்லை. இந்தத் தாளில்தான் முதல் தடவை. அவர் எனக்கு முன்னால் போய்விட்டார் என்று நான் சொல்வேன். அதற்காக, பிறகு தப்பே நடக்காது என்று சொல்லவில்லை. நடக்கும். கொரிந்துவில் திருவிருந்துக்கு வந்த இடத்திலேயே ஒருவன் பசியோடு இருக்க இன்னொருவன் குடித்து வெறித்தான். பவுல் அவர்களைக் காகிதத்தில் வெளுத்து வாங்கினார். ஆனால் போய்ப் பாத்திரத்தைப் பிடுங்கிப் பூட்டிவைக்கவில்லை. நீயும் ஜப்பானிலிருந்து திட்டி எழுது. தபால் போகிறதே.

நேற்று நான் உனக்குச் சொல்லாமல் ஜூரோங்குக்குப் போனேன். சொல்லாமல் போனது சரியில்லைதான், ஒத்துக்கொள்கிறேன். முருகையா ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். வள்ளி சமையல் பக்கம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“தம்பி போனப்புறம் நீங்கதானே ஐயா வர்றீங்க?” என்று கேட்டார் முருகையா.

“இல்ல. மாட்டேன்னுதான் சொல்லப்போறேன்.”

“அப்ப யாரு வருவா?”

நீங்கள்தான் என்று சொல்ல என் நாக்கின் நுனிவரை வந்தது. அதைச் சொல்ல வேண்டியது நீ, நான் இல்லை. வாயை மூடிக்கொண்டேன். உன் அம்மாவிடம் சொன்னால் நம்பமாட்டாள். ஆனால் வள்ளி மூடிக்கொண்டிருக்கவில்லை.

“ஏன், யாராச்சும் எங்கேருந்தாச்சும் பஸ் ஏறி வந்தாத்தான் உங்க சாமி கேக்குமா? தம்பி லேட்டா வர்றப்பெல்லாம் நடத்துறது யாரு?”

“சும்மா இரு வள்ளி. அதுக்கெல்லாம் படிப்பு முடிக்கணும்.”

“ஆமாமா. அத்தனை டன் இரும்பைத் தூக்கி ஆளுங்க தலைக்கு மேல கொண்டுபோறே, அவன் நம்பிக் கீழே நிக்கிறான். ஒரு துண்டு ரொட்டியை உன் கையில குடுக்க மாட்டாங்களாம்.”

முருகையா சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிப்பு நின்றுபோய், தரையைப் பார்த்துக்கொண்டு, “எனக்குப் பயமா இருக்கு ஐயா” என்றார். தம்பிக்கும் முதல் நாள் அப்படித்தான் இருந்தது, எனக்கு இருந்திருக்கவேண்டும், இல்லாமல் போனதுதான் கோளாறு என்றேன். இதழில் எழுதப்போகிறேன், உங்கள் தீபாவளிக் கதையும் வரும், போடட்டுமா என்று கேட்டேன். “போடுங்க ஐயா. இந்த புளோக்குல எல்லா வீட்டுக்கும் தெரிஞ்சதுதானே” என்றார். எழுந்து வாசலுக்கு வந்தபோது எதிர்வீட்டுக் கதவு திறந்து, குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஒரு பெண் முருகையாவிடம் சொன்னாள். என்னை யார் என்றுகூட அவள் பார்க்கவில்லை.

ஆகவே, செய்யவேண்டியது இது. வருகிற ஞாயிறு நீ ஜூரோங்குக்கு நேரத்தோடு போ. கைவைத்து ஜெபிக்க இன்னொரு மூப்பர் வேண்டும் என்றால், பெரிய சபையிலிருந்து ஒருவரைக் கேட்டிருக்கிறேன், வருவார். முருகையாவை நடுவில் நிறுத்தி, எல்லாரும் பார்க்க, அவர் தலையில் கை வைத்து ஏற்படுத்து. அதே கூட்டத்தில் அப்பத்தை அவர் பிட்கட்டும், நீ அவர் கையிலிருந்து வாங்கிச் சாப்பிடு. அவர் வரிசையை மாற்றிச் சொன்னால் திருத்தாதே. மிச்சம் இருபத்து மூன்று பாடத்தையும் அவரிடம் கொடுத்துவிடு, வேண்டுமானால் படிப்பார். நல்ல பாடங்கள்தான், நான் பார்த்தேன். அவரை நிறுத்திவைக்க மட்டும் அவை வேண்டாம்.

போவது சுலபம், மகனே. பவுலைக் கப்பலேற்ற வந்த எபேசு மூப்பர்கள் கடற்கரையில் கட்டிக்கொண்டு அழுதார்கள். உன்னையும் அப்படி அனுப்புவார்கள், உனக்கும் நெஞ்சு நிறையும். திரும்பி வருவதுதான் கஷ்டம். நான் தவறியது அங்கேதான். இரண்டு வருஷம் கழித்து நீ வரும்போது ஜூரோங்கில் நீ வைத்தது வைத்தபடி இருக்காது. ஷிப்டுக்காகக் கூட்டத்தை வேறு நாளுக்கு மாற்றியிருப்பார்கள். உனக்குப் பிடிக்காத பாட்டைப் பாடுவார்கள். வாசலில் நிற்கும்போது உன் கை தானாக நீளும். அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்ப் பாயில் உட்கார். உட்கார இடம் இல்லையென்றால் நடையில் நில்.

ஞாயிற்றுக்கிழமை நீ இதைச் செய்யாவிட்டால் நான் உன்னைத் திட்டப்போவதில்லை. ஆனால் அதற்குப் பரிகாரமாக நான் போய் நிற்பேன் என்று மட்டும் எண்ணாதே. பன்னிரண்டு குடும்பம் திருவிருந்து இல்லாமல் இருக்கும், அதற்குக் காரணம் நீ என்று அவர்களுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். செய்தால், அதன்பிறகு அந்த வீட்டுக்குள் நான் வருவதும் வராததும் முருகையா மூப்பர் சொல்வது. அவர் அழைத்தால் அடுத்த பஸ்ஸிலேயே வருவேன். நீ அழைத்தால் வரமாட்டேன்.

உன்னை ஒப்படைக்க இன்னும் பழகிக்கொண்டிருக்கும்,
உன் அப்பா